கொட்டகை வழியே திரைக்கு

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் ஓரிடத்தில் வியப்படைவதைக் கண்டிருக்கிறேன். மாதவி ஐந்தாம் வயதில் கலை பயிலத் தொடங்குகிறாள். ஏழாண்டுகள் கூத்தும் இசையும் கற்றுப் பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறுகிறாள். அவள் மேடை ஏறுமுன் இளங்கோவடிகள் அவளுடைய ஆசிரியர்களை ஒவ்வொருவராக நமக்கு அறிமுகப்படுத்துகிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டுப் புனையும் புலவன், முழவும் குழலும் யாழும் வல்லவர் ஆகியோரின் இலக்கணங்களையெல்லாம் கூறி முடித்த பிறகே நடனம் நிகழ்கிறது. அன்று அவள் தலைக்கோற் பட்டம் பெற்றாள். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் மாலையும் பரிசாகப் பெற்றாள். பெற்ற சிறப்பு ஒரு நாளுக்குரியது. அதற்கான உழைப்போ ஏழாண்டுக்குரியது.

இக்காதையைக் கற்ற மாணவரிற் சிலரே பள்ளி முடித்துச் செல்லும்போது, "ஐயா, நான் படங்களில் நடிக்க விரும்புகிறேன். யாரைப் பிடித்தால் வாய்ப்புக் கிடைக்கும்?" என்று கேட்பதுண்டு. ஆசையைக் குறை கூற இயலாது. ஆனால் 'யாரைப் பிடிப்பது' என்னும் வினா எழும் இடத்தில் 'யாரிடம் கற்பது' என்னும் வினா எழவில்லையே என்பதுதான் என் வருத்தம். இவ்விரு வினாக்களும் ஒன்றாக இருந்த ஒரு காலம் தமிழ் நடிப்புலகில் இருந்தது. அக்காலத்தின் வரலாற்றை இளைஞர்கள் அறிந்துகொள்வது நலம் பயக்கும் எனக் கருதி இக்கட்டுரையை எழுதலானேன்.

பாலர் சபைகளின் தோற்றம்

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1867ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். நாடகம் எழுதுபவராகவும் நடிப்புக் கற்பிப்பவராகவும் விளங்கிய அவர், 1918ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். நடிகர் அனைவரும் சிறுவர்கள். அரசன் வேடமும் சிறுவனுக்கே. அரசி வேடமும் சிறுவனுக்கே. வளர்ந்த நடிகர்களிடம் காண இயலாத கட்டுப்பாட்டைச் சிறுவர்களிடம் உண்டாக்கலாம் என்பது இத்தகைய சபைகளை அமைத்தோரின் எண்ணமாகும். மக்கள் இவற்றைப் 'பாய்ஸ் கம்பெனி' என்றே வழங்கினர். ஜெகந்நாதய்யர் நடத்திய சபையும், நவாப் இராஜமாணிக்கம் நடத்திய தேவி பால விநோத சங்கீத சபையும், சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியும் இவ்வகையில் புகழ் பெற்றவை.

சுவாமிகளின் சபையில் 1918ஆம் ஆண்டிலேயே சேர்ந்த சிறுவர்களுள் ஒருவர் தி.க. சண்முகம். அப்போது அவருக்கு வயது ஆறு. பிற்காலத்தில் ஔவையார் வேடத்தால் 'ஔவை' சண்முகம் எனப் பெயர் பெற்றவர் அவரே. இச்சிறுவன் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே சுவாமிகள் ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை எழுதி முடித்தார் என்பர். மாணவனின் ஆற்றலைக் கண்ட ஆசிரியன் அவனுக்கென ஒரு நாடகத்தையே படைத்தளித்த இந்நிகழ்ச்சி, 'வாய்ப்பு' என்னும் சொல்லின் பொருளை நமக்குத் தெளிவாக உணர்த்துகிறது. 1922ஆம் ஆண்டில் சுவாமிகள் புதுவையில் மறைந்தார். அவரிடம் பயின்ற சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகிய சகோதரர் நால்வரும் 1925ஆம் ஆண்டில் தமக்கெனத் தனிச் சபை கண்டனர். மதுரை ஸ்ரீ பாலஷண்முகானந்த சபை எனப் பெயர் பூண்ட அது, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவாகப் பல்லாண்டுகள் புகழுடன் விளங்கியது.

கம்பெனி வாழ்க்கை

நடிப்புப் பள்ளி என்று பெயர்ப்பலகை மாட்டாமலே இக்கம்பெனிகள் பள்ளிகளாக இயங்கின. சிறுவர்கள் அதிகாலையில் எழுந்து குரற்பயிற்சி செய்வர். பின்னர் வாத்தியார் பாடம் சொல்லிக் கொடுப்பார். நாடகத்தின் பாட்டையும் வசனத்தையும் நெட்டுருச் செய்வதற்கே பாடம் என்று பெயர். தன் பாடத்தை மட்டும் அறிந்தவனுக்குக் கம்பெனியில் மதிப்பில்லை. ராஜபார்ட் நடிகனுக்குக் காய்ச்சல் கண்டால் அன்றிரவே மற்றொருவன் கிரீடம் சூட வேண்டும். ஆதலின் கூர்மையான சிறுவர்கள் திரைச்சீலையின் ஓரத்தில் நின்று பிறர் பாடங்களையும் மனத்தில் பதித்துக்கொண்டனர். ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என எவ்வேடத்துக்கும் தயாராக இருப்பவனே கம்பெனிக்கு வேண்டியவன்.

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. தகரக் கொட்டகையின் கடைசி வரிசையில் மண்தரையில் அமர்ந்திருப்பவன் காதிலும் சொல் விழ வேண்டும். விழாவிட்டால் அவன் பொறுத்திருக்கமாட்டான், கூச்சலிடுவான். எனவே குரல், உச்சரிப்பு, மூச்சை ஆளும் திறம் ஆகியவை மேடையிலேயே சோதிக்கப்பட்டன. பிற்காலத் திரைப்படங்களில் நீண்ட வசனங்களைத் தடுமாற்றமின்றிப் பேசிய நடிகர்களைக் கண்டு நாம் வியக்கிறோம். அத்திறம் படப்பிடிப்பு நிலையத்தில் பிறந்ததன்று. சிற்றூர்க் கொட்டகைகளில் இரவுதோறும் உரம்பெற்றது.

இதன் மறுபக்கத்தை மறைப்பது வரலாறு ஆகாது. பெரும்பாலான சிறுவர்கள் கலையார்வத்தால் கம்பெனிக்கு வந்தவர்கள் அல்லர்; வறுமை அவர்களை அங்கே கொண்டு சேர்த்தது. இலங்கையின் நாவலப்பிட்டியில் 1917ஆம் ஆண்டில் பிறந்த எம்.ஜி. இராமச்சந்திரன், தந்தையை இழந்து, கும்பகோணத்தில் தாயின் பராமரிப்பில் வளர்ந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தமையன் சக்கரபாணியுடன் ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். மூன்று வேளை உணவு உறுதி என்பதே அக்குடும்பத்தின் முதற் கவலைக்கு விடையாயிற்று. விழுப்புரத்தில் பிறந்த கணேசன், தாம் அனாதை என்று பொய் கூறிக் கம்பெனியில் சேர்ந்ததாகப் பிற்காலத்தில் தாமே கூறியிருக்கிறார். வாத்தியாரின் பிரம்புக்கு ஓய்வில்லை; நினைத்தபோது வீடு செல்ல உரிமையில்லை. பள்ளிக் கல்வியோ முற்றாக நின்றது. இக்காலத்தில் இவ்வாறு சிறுவர்களை வேலை வாங்குவதை எவரும் ஒப்பமாட்டார், ஒப்பவும் கூடாது.

மகரக்கட்டு

கம்பெனிச் சிறுவர்கள் பிரம்பைவிட அதிகமாக அஞ்சியது ஒன்றுண்டு. அதுவே மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும் பருவத்தை நாடகத்தார் இவ்வாறு வழங்கினர். நேற்றுவரை உச்ச சுருதியில் பாடிக் கைதட்டல் பெற்றவன், இன்று ஓரடிகூடப் பாட இயலாமல் நிற்பான். பாட்டே நாடகத்தின் உயிராக இருந்த காலத்தில் குரல் போனவனுக்கு வேடமும் போயிற்று. சிலர் கம்பெனியை விட்டு வெளியேறினர். சிலர் சிறு வேடங்களையும் மேடைக்குப் பின்னுள்ள வேலைகளையும் ஏற்றுக்கொண்டு பொறுத்திருந்தனர். உடைந்த குரல் சிலருக்குப் புதுக் குரலாகத் திரும்பி வந்தது, பலருக்கு வரவேயில்லை. நாம் பெயர் சொல்லிப் போற்றும் ஒவ்வொரு நடிகருக்கும் பின்னே, குரலோடு வாழ்வையும் இழந்த பெயர் தெரியாச் சிறுவர் பலர் நிற்கின்றனர் என்பதை மறத்தல் ஆகாது.

இவ்விடைக்காலத்தைக் கடந்தவர்கள் அரிய பாடமொன்றைக் கற்றனர். குரலை மட்டுமே நம்பியிராமல் சிலம்பம், வாட்போர், நகைச்சுவை, முகபாவம் எனப் பிற திறன்களையும் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. வேடமில்லாத நாள்களில் கற்றவை பின்னர் அவர்களுக்கு வேடம் தேடித் தந்தன.

பேசும்படம் வந்த பின்னர்

1931ஆம் ஆண்டில் 'காளிதாஸ்' வெளிவந்ததோடு தமிழ்த் திரை பேசத் தொடங்கியது. அதன் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி, திருவையாற்றில் பிறந்து இளமையிலேயே நாடக மேடை ஏறியவர். அவரே 1936ஆம் ஆண்டில் 'மிஸ் கமலா' என்னும் படத்தை இயக்கவும் செய்தார். பெண்களுக்கெனப் பாய்ஸ் கம்பெனி போன்ற அமைப்புப் பரவலாக இல்லாத நிலையில், சமூகத்தின் ஏளனத்தையும் தாங்கிக்கொண்டு அவர் பெற்ற உயர்வு தனியாக எண்ணத்தக்கது.

பேசும்படத்துக்கு நாடக நடிகர் ஏன் இன்றியமையாதவர் ஆயினர்? தொடக்கக் காலத்தில் பின்னணிப் பாடல் முறை இல்லை. நடிப்பவரே படக்கருவியின் முன் நின்று பாட வேண்டும். மேலும், அப்போது சென்னையில் ஒலிப்பதிவு வசதியுள்ள படப்பிடிப்பு நிலையம் இல்லாமையால் தமிழ்ப் படங்கள் பம்பாயிலும் கல்கத்தாவிலும் உருவாயின. தொலைவிலுள்ள நகரில் நாள் வாடகை கொடுத்துப் படமெடுப்பவர், ஒருவருக்கொருவர் பழகிய, வசனம் முழுவதும் மனப்பாடமான நாடகக் குழு ஒன்றை அப்படியே அழைத்துச் செல்வதையே சிக்கனமாகக் கருதினார். இவ்வாறு தனி நடிகரன்றிக் கம்பெனியே திரைக்குப் பெயர்ந்தது. 1935ஆம் ஆண்டில் டி.கே.எஸ். குழுவினர் தம் மேடை வெற்றியான 'மேனகா'வில் நடித்தனர். அதே ஆண்டில் நவாப் இராஜமாணிக்கத்தின் குழுவினர் 'பக்த ராமதாஸ்' படத்தில் பெண் வேடங்களையும் ஆண்களே தாங்கி நடித்தனர். அக்குழுவில் இளைஞராக இருந்த எம்.என். நம்பியார் முதன்முதலில் திரையில் தோன்றியது அப்படத்தில்தான். அவர் எந்தப் பட முதலாளியின் வாசலிலும் காத்திருக்கவில்லை. தம் குழுவோடு சென்றார்; குழு அவரைத் திரையில் கொண்டு சேர்த்தது.

ஆசிரியர் திறந்த கதவு

1936ஆம் ஆண்டில் வெளிவந்த 'சதிலீலாவதி' இவ்வரலாற்றில் தனியிடம் பெறுவது. எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய கதையைத் தமிழறியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார். மதுவால் சீரழிந்த கதைத்தலைவன் கடல் கடந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழலும் பகுதி அதில் வருகிறது. தோட்ட வாழ்க்கையை அறிந்த நம் நாட்டுத் தமிழர்க்கு அப்பகுதியின் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

அப்படத்துக்கு உரையாடல் எழுதியவர் நாடகாசிரியர் எம். கந்தசாமி முதலியார். தம்மிடம் பயின்ற இளைஞர் எம்.ஜி. இராமச்சந்திரனுக்குக் காவல் அதிகாரி வேடம் ஒன்று கிடைக்க அவர் துணை நின்றார். கதைத்தலைவன் வேடம் அவருடைய மகன் எம்.கே. ராதாவுக்கு, என்.எஸ். கிருஷ்ணனும் டி.எஸ். பாலையாவும் உடன் நடித்தனர். ஆகவே எம்.ஜி.ஆரின் முதல் வேடம் அறிமுகத்தால் வந்தது என்பது உண்மையே. ஆனால் அறிமுகம் செய்தவர் யார்? பல ஆண்டுகள் தம் கண்முன்னே பாடம் கேட்டு நடித்த மாணவனை நன்கறிந்த ஆசிரியர். நடிப்புலகில் 'தொடர்பு' என்பதன் உண்மைப் பொருள் இதுவாகும். நம் உழைப்பைக் கண்ணாரக் கண்டவரே நமக்காகப் பிறரிடம் துணிந்து பேசுவர்.

கதவு திறந்தமையால் எல்லாம் கிட்டிவிடவில்லை. 'தட்சயக்ஞம்', 'மாயா மச்சீந்திரா', தியாகராஜ பாகவதர் நடித்த 'அசோக்குமார்', 'மீரா' எனப் படத்துக்குப் படம் துணை வேடங்களே அவருக்கு வாய்த்தன. ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கிய 'ராஜகுமாரி'யில் கதாநாயகனாகும் வாய்ப்பு 1947ஆம் ஆண்டில்தான் வந்தது. முதற்படம் வெளிவந்து பதினோராண்டுகள் கழிந்திருந்தன, வயது முப்பதாகியிருந்தது. நாடகக் கம்பெனியில் கழித்த ஆண்டுகளையும் சேர்த்து எண்ணினால் மாதவியின் ஏழாண்டு மிகச் சிறியதாகிவிடும்.

மேடை கண்ட முதலாளி

கணேசனின் வரலாறு மற்றொரு வகையானது. யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளையின் கம்பெனியில் சீதை முதலிய பெண் வேடங்களில் நடித்துப் பயின்றவர் அவர். அறிஞர் அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் மராட்டிய மன்னனாக நடித்தபோது, அதனைக் கண்ட தந்தை பெரியார் அவரைச் 'சிவாஜி' என அழைத்தார்; பெயர் நிலைத்தது. பின்னர் சக்தி நாடக சபையில் நூர்ஜஹானாக அவர் நடித்ததைக் கண்டு மனத்தில் பதித்துக்கொண்டவர் வேலூரைச் சேர்ந்த பி.ஏ. பெருமாள் முதலியார். அவரே 'பராசக்தி' படத்தில் கணேசனைக் கதாநாயகன் ஆக்கினார்.

படப்பிடிப்புத் தொடங்கிய பின் இளைஞரின் மெலிந்த தோற்றத்தைக் குறித்து ஐயம் எழுந்தது. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் அவ்வேடத்துக்கு கே.ஆர். ராமசாமியைப் போடலாம் எனக் கருதினார். பெருமாள் முதலியார் இசையவில்லை. மேடையில் தாம் கண்ட நடிப்பைத் திரையிலும் காணலாம் என்பதில் உறுதியாக நின்றார். தொடக்கத்தில் எடுத்த காட்சிகள் மீண்டும் எடுக்கப்பட்டன. 1952ஆம் ஆண்டுத் தீபாவளியன்று படம் வெளிவந்தபோது அவருடைய நம்பிக்கை மெய்யாயிற்று. ஒரு புதுமுகத்துக்காக ஒருவர் அவ்வளவு உறுதியாக நின்றது வெறும் நட்பினால் அன்று; அவர் கண்ட நூர்ஜஹானால் ஆகும். சிவாஜி கணேசனும் அந்நன்றியை மறந்தாரில்லை. பொங்கல்தோறும் வேலூர் சென்று பெருமாள் முதலியாரை வணங்கிச் சீர் செய்து வந்தார்.

'பராசக்தி'யில் சகோதரர்களாக நடித்த மூவரையும் நோக்கினால் இன்னோர் உண்மை புலனாகும். எஸ்.வி. சகஸ்ரநாமமும் எஸ்.எஸ். ராஜேந்திரனும் டி.கே.எஸ். குழுவில் பயின்றவர்கள், கணேசன் பொன்னுசாமி பிள்ளையிடம் பயின்றவர். புதுமைப்படம் எனப் பேசப்பட்ட அதன் தூண்கள் மூன்றும் பழைய கொட்டகைகளில் வார்க்கப்பட்டவை.

தொடர்ந்த மரபு

கம்பெனிகள் மறைந்த பின்னரும் இவ்வழி முற்றாக அடைபடவில்லை. மனோரமா ஊர்ப்புற நாடகங்களில் நடிக்கத் தொடங்கி, எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் தேர்ச்சி பெற்று, கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் 1958ஆம் ஆண்டில் திரைக்கு வந்தார். 1960ஆம் ஆண்டில் 'களத்தூர் கண்ணம்மா'வில் குழந்தை நட்சத்திரமாகப் புகழ் பெற்ற கமல்ஹாசன், அப்புகழோடு நின்றுவிடாமல் டி.கே. சண்முகத்தின் நாடகக் குழுவில் சேர்ந்து பயின்றார். பின்னர் நடன ஆசிரியர் தங்கப்பனிடம் உதவியாளராகப் பணியாற்றினார். 1996ஆம் ஆண்டில் அவர் தம் படம் ஒன்றுக்கு 'அவ்வை சண்முகி' எனப் பெயரிட்டதில் பழைய ஆசிரியரின் நினைவு கலந்திருக்கிறது. பெங்களூரில் பேருந்து நடத்துநராக இருந்த ரஜினிகாந்த் சென்னை நடிப்புப் பள்ளியில் சேர்ந்து பயின்றபோது இயக்குநர் கே. பாலசந்தரின் கண்ணில் பட்டு, 1975ஆம் ஆண்டில் 'அபூர்வ ராகங்கள்' வழியே அறிமுகமானார். கொட்டகை பள்ளியாக மாறியது. பயிற்சி பெறும் இடத்திலேயே அறிமுகமும் கிட்டும் என்னும் முறை மாறவில்லை.

நம் மண்ணில்

இதே உண்மைக்கு நம் மண்ணிலும் சான்றுண்டு. தமிழ்ப் படங்களுக்குப் பாய்ஸ் கம்பெனி எவ்வாறோ அவ்வாறே தொடக்கக் கால மலாய்ப் படங்களுக்குப் பங்சவான் நாடக மேடை விளங்கியது. 1934ஆம் ஆண்டில் வெளிவந்த 'லைலா மஜ்னூன்' படத்தை இயக்கிய பி.எஸ். ராஜ்ஹன்ஸ், பங்சவான் நடிகர்களையே அதில் நடிக்கச் செய்தார்.

பினாங்கில் 1929ஆம் ஆண்டில் பிறந்த பி. ரம்லி, இளமையிலேயே இசைக்குழுவில் பாடிப் பழகியவர். 1948ஆம் ஆண்டில் புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடக் கேட்ட ராஜ்ஹன்ஸ், சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்துக்கு அவரை வரவழைத்தார். அவ்வாண்டு வெளிவந்த 'சிந்தா'வில் ரம்லிக்குக் கிடைத்தவை பின்னணிப் பாடலும் துணை வேடமுமே. தமிழரான எல். கிருஷ்ணன் இயக்கிய 'பக்தி'யில் 1950ஆம் ஆண்டில் அவர் கதாநாயகன் ஆனார். இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்களிடம் நடித்துக்கொண்டே இயக்கும் கலையையும் அவர் உற்று நோக்கிக் கற்றார். 1955ஆம் ஆண்டில் 'பெனாரேக் பேச்சா'வைத் தாமே இயக்கினார். 1948 முதல் 1955 வரை எண்ணிப் பாருங்கள். மாதவியின் அதே ஏழாண்டு!

முடிவுரை

பாய்ஸ் கம்பெனிகள் மீண்டும் வர வேண்டும் என்று நான் கூறவில்லை. குழந்தையின் கல்வியையும் இளமையையும் விலையாகக் கொண்ட முறை அது. அதன் கொடுமை ஒழிந்தது நன்று. எனினும் அது கற்பித்த உண்மை ஒழியலாகாது. கூர்ந்து நோக்கினால் மேற்கூறிய ஒவ்வொருவர் வாழ்விலும் திறமையைக் கண்டு கைகொடுத்தவர் ஒருவர் இருந்தார். சண்முகத்துக்குச் சங்கரதாஸ் சுவாமிகள், இராமச்சந்திரனுக்குக் கந்தசாமி முதலியார், கணேசனுக்குப் பெருமாள் முதலியார், ரம்லிக்கு ராஜ்ஹன்ஸ். ஆயினும் கைகொடுத்தவர் வந்தபோது இவர்கள் வெறுமனே காத்திருக்கவில்லை. பாடிக்கொண்டோ நடித்துக்கொண்டோ இருந்தனர்.

ஆகவே 'யாரைப் பிடிப்பது' எனக் கேட்கும் மாணவருக்கு நான் கூறும் விடை இதுவே. பள்ளியின் முத்தமிழ் விழாவில் மூன்று நிமிட வேடம் கிடைத்தால் அதனை ஏற்றுக்கொள். வேடம் இல்லையெனில் திரைச்சீலையை இழுக்கும் பணியைக் கேட்டுப் பெறு. அங்கு நின்று பிறர் பாடத்தையும் கற்றுக்கொள். தமிழை நாக்குத் தடுமாறாமல் ஒலிக்கப் பழகு. உன்னுடன் ஒப்பனை அறையில் அமர்ந்திருக்கும் தோழன் நாளை இயக்குநர் ஆகலாம். உனக்கு வசனம் திருத்தும் ஆசிரியரே நாளை உனக்காகப் பரிந்துரைக்கலாம். ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பள்ளி நாடகத்தைத் தேர்வுக்குப் பின் வரும் பொழுதுபோக்காகக் கருதாதீர்கள். ஆறு வயதுச் சிறுவனின் ஆற்றலைக் கண்டு ஓர் இரவு முழுவதும் கண்விழித்து நாடகம் எழுதிய ஆசிரியரின் வழியில் வந்தவர்கள் நாம். நம் வகுப்பறையின் கடைசி இருக்கையில் ஓர் அபிமன்யு அமர்ந்திருக்கக்கூடும். அவனுக்காக ஓர் இரவு கண்விழிப்பதற்கு நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.